சுரங்கமும் சூளையும்: புகைப்படக் கலை பற்றி

செருமானியத் தம்பதியரான பெர்ன்ட் பெக்கரும் ஹில்லா பெக்கரும் நிலக்கரிச் சுரங்கக் கோபுரங்களை மேகம் மூடிய வானின்கீழ், ஆள் நடமாட்டமின்றி, நேர்முகமாகவே படமெடுத்தனர். 1970இல் நூலாகவும் வந்த அவ்வகைப் படங்களின் ஒழுங்கை வியக்கிறோம். ஆயினும் அம்முறையை நெய்வேலிக்குக் கடன் வாங்க நமக்கு மனமில்லை. அங்கே கோபுரம் ஏது? 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்ட அத்திறந்தவெளிச் சுரங்கம், நகர நகரத் தன் பழைய முகத்தையே விழுங்கிவிடுகிறது. பெயர்ந்துபோன ஊர்களின் திண்ணையும் கிணறும் அதனுள் அடங்கின. எஞ்சியவர் மனிதரே.

1937இல் இங்கிலாந்தின் ஜாரோ நகருக்கு, பொறுக்கிய கரிமூட்டையை மிதிவண்டியில் வைத்துத் தள்ளிச் செல்லும் ஒருவனை பில் பிராண்ட் எடுத்த படமே இங்கு நமக்கு உற்ற துணை. (பிராண்ட் இருளைச் சற்று மிகுதியாகவே கூட்டுவார், அது வேறு செய்தி.) விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளியின் களிமண் படிந்த விரல்கள், ஒரு காலத்தில் தமிழ்நாட்டு அடுப்புகளில் கனன்ற நெய்வேலியின் லெக்கோக் கரி ஆகியவை அப்படிப்பட்ட கண்ணுக்கே புலப்படும். தோன்னக்கல்லில் வெள்ளைக் களிமண் வெட்டியோரும் அவ்வாறே. கரமனையில் குடியேறிய நம் குடும்பங்களின் ஆல்பங்களில் கல்யாணக் கோலங்களுக்குக் குறைவில்லை. ஆலையிலோ சூளையருகிலோ நின்ற படம் ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.