தி லிட்டில் ஃப்ரெண்ட் (நாவல்)

தி லிட்டில் ஃப்ரெண்ட் (2002) அமெரிக்க எழுத்தாளர் டோனா டார்ட்டின் இரண்டாவது நாவல். 1992-ல் வெளிவந்து பெரும் வெற்றி பெற்ற தி சீக்ரெட் ஹிஸ்டரிக்குப் பத்தாண்டுகள் கழித்து வந்தது. முதல் நாவலின் வாசகர்கள் பலருக்கு இது ஏமாற்றமளித்தது. தொடக்கத்தில் நிகழும் மரணத்துக்கு யார் காரணம் என்பதை நாவல் கடைசிவரை சொல்வதில்லை.

கதைச்சுருக்கம்

மிசிசிப்பி மாநிலத்தில் அலெக்சாண்ட்ரியா என்னும் கற்பனைச் சிற்றூர் கதைக்களம். டார்ட் அதே மாநிலத்தின் கிரீன்வுட்டில் 1963-ல் பிறந்தவர். அன்னையர் தினத்தன்று ஒன்பது வயது ராபின் வீட்டு முற்றத்து மரத்தில் தூக்கில் தொங்கிய நிலையில் காணப்படுகிறான். அப்போது கைக்குழந்தையாக இருந்த தங்கை ஹாரியட்டுக்குக் கதை நிகழும்போது பன்னிரண்டு வயது. தாய் சார்லட் துயரத்தில் தனக்குள் ஒடுங்கிவிட்டாள். தந்தை வேறு ஊரில் வாழ்கிறார். பாட்டி ஈடி, அவளுடைய சகோதரிகள், கறுப்பினப் பணிப்பெண் ஐடா ரூ ஆகியோரின் நிழலில் ஹாரியட் வளர்கிறாள். அண்ணனைக் கொன்றவன் டேனி ராட்லிஃப் என்று ஒரு கோடையில் முடிவு செய்து, நண்பன் ஹீலியுடன் அவனைத் தண்டிக்கக் கிளம்புகிறாள். டேனியின் குடும்பம் போதைப்பொருள் தயாரிக்கும் ஏழை வெள்ளையர் குடும்பம்.

மதிப்பீடு

சிறுவர் துப்பறியும் கதைகளில் பெரியவர்கள் தவறவிட்டதைச் சிறுவர்கள் சரியாக ஊகிப்பார்கள். டார்ட் அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு அந்த நம்பிக்கையை உடைக்கிறார். ஹாரியட்டின் ஊகத்துக்கு ஊர்ப்பேச்சைத் தவிர ஆதாரமில்லை. ராட்லிஃப் குடும்பத்தைப் பற்றி ஊர் எதையும் நம்பத் தயாராக இருக்கிறது, அவளும் நம்புகிறாள். சிறுவர் இருவரும் திருடிய நாகப்பாம்பை மேம்பாலத்திலிருந்து டேனியின் காருக்குள் போடும் காட்சி நாவலின் உச்சங்களில் ஒன்று. காரை ஓட்டி வந்தவள் டேனியின் பாட்டி. அதுவரை சாகசமாக வாசித்து வந்தவருக்கு, இது ஒரு கொலைமுயற்சி என்பது அந்த இடத்தில்தான் உறைக்கிறது.

ஹூடினியையும் தென்துருவப் பயணி ஸ்காட்டையும் ஹாரியட் வழிபடுகிறாள். ஹூடினியைப் போல மூச்சடக்கப் பழகியது தண்ணீர்த் தொட்டியில் அவள் உயிரைக் காக்கிறது. ஸ்காட்டோ திரும்பி வராதவர். அவள் அவரையும் வீரராகவே வைத்திருப்பதில் அவள் குணம் முழுவதும் தெரிகிறது.

நாவலின் மிக நல்ல பகுதி ஐடா ரூ வெளியேறும் பகுதி. ஹாரியட் தாயிடம் கோபத்தில் சொன்ன குறை ஐடாவின் வேலையைப் பறிக்கிறது. சார்லட்டுக்கு அது ஒரு வீட்டு நிர்வாக முடிவு. ஹாரியட்டுக்கோ உண்மையில் தாயாக இருந்தவளை இழப்பது. கொலையாளியைத் தேடி ஊரெல்லாம் அலைபவள் தன் வீட்டுக்குள் நிகழ்ந்த அநியாயத்தில் தன் பங்கை மெல்லத்தான் உணர்கிறாள். ஹார்ப்பர் லீயின் டு கில் எ மாக்கிங்பேர்ட் (1960) நாவலிலும் தெற்கின் சிற்றூரில் வளரும் துடுக்கான ஒரு சிறுமி இருக்கிறாள். ஆனால் அவளுக்கு நியாயத்தை விளக்க ஒரு தந்தை இருந்தார். ஹாரியட்டின் வீட்டில் பெரியவர்கள் ராபினின் சாவைப் பற்றிப் பேசுவதே இல்லை. அந்த மௌனத்திலிருந்துதான் அவளுடைய தவறு பிறக்கிறது.

டேனியின் நினைவுகள் வழியாக, அவனும் ராபினும் சிறுவயதில் சேர்ந்து விளையாடியவர்கள் என்பது வாசகருக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. ஹாரியட்டுக்கு அது மிகத் தாமதமாகத் தெரிகிறது. தலைப்பில் உள்ள சின்ன நண்பன் அவனே. இப்படிப் பார்த்தால், கொலையாளியின் பெயர் சொல்லப்படாதது குறையல்ல. பெயர் சொல்லப்பட்டிருந்தால் ஹாரியட் செய்ததெல்லாம் ஒரு துப்பறிதலின் வழித்தவறாகச் சுருங்கியிருக்கும்.

உண்மையான குறைகள் வேறு. ராட்லிஃப் சகோதரர்களின் பகுதிகள் நீளமானவை. மூத்தவன் ஃபேரிஷின் போதைச் சந்தேகங்கள் பக்கம் பக்கமாகத் திரும்ப வருகின்றன. நடுப்பகுதியில் கதை தேங்குகிறது. டேனியின் மனதுக்குள் அவ்வளவு தூரம் செல்லும் நாவல் ஐடாவின் மனதுக்குள் செல்வதில்லை. வீட்டைவிட்டுப் போனதும் அவள் கதையிலிருந்தும் போய்விடுகிறாள். ஹாரியட்டின் பார்வை எட்டும் தொலைவு அதுதான் என்று வாதிடலாம். ஆனால் நாவல் வேறு இடங்களில் அந்த எல்லைக்குள் நிற்கவில்லை.

இந்நாவலுக்கு 2003-ல் டபிள்யூ. எச். ஸ்மித் இலக்கிய விருது கிடைத்தது. டார்ட்டின் அடுத்த நாவலான தி கோல்ட்ஃபிஞ்ச் 2013-ல் வெளிவந்தது.