கணக்கில் வராத ஒரு தோட்டா

எல்லைக் காவல் சாவடியில் வட கொரிய ராணுவத்தினர் இருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். சுட்டவன் தென் கொரியச் சிப்பாய். ‘என்னைக் கடத்திப்போனார்கள், தப்பிப்பதற்காகச் சுட்டேன்’ என்பது அவன் தரப்பு. அவனே சாவடிக்குள் புகுந்து சுட்டான் என்கிறது வடக்கு. பார்க் சான்-வூக் இயக்கி 2000-ல் வெளிவந்த ‘ஜாயின்ட் செக்யூரிட்டி ஏரியா’ படத்தின் முடிச்சு இது. விசாரிக்க வருகிறார் சுவிஸ் ராணுவ மேஜர் சோஃபி ஜாங்.

முதல் அரை மணி நேரம் கச்சிதமான துப்பறியும் கதை. செத்தவர்களில் ஒருவன் உடம்பில் எட்டுக் குண்டுக் காயங்கள். தப்பி ஓடுகிறவன் ஒரே ஆளை எதற்காக எட்டு முறை சுட வேண்டும்? தோட்டாக்களை எண்ணினால் ஒன்று கணக்கில் வரவில்லை. அப்படியென்றால் அங்கே இன்னொருவனும் இருந்தானா?

இந்தக் கேள்வியை நிறுத்திவிட்டுப் படம் பின்னோக்கிப் போகிறது. அங்கேதான் அது உயிர் பெறுகிறது. இரவு ரோந்தில் கண்ணிவெடியை மிதித்துவிட்டு அசைய முடியாமல் நிற்கும் தெற்குச் சிப்பாயை வடக்கு வீரர்கள் இருவர் காப்பாற்றுகிறார்கள். பிறகு அவன் எல்லைப் பாலம் தாண்டி அவர்கள் சாவடிக்கே போய்வரத் தொடங்குகிறான். ஒருநாள் அந்த இருவரில் ஒருவரான சார்ஜென்ட் ஓ, தெற்கின் தின்பண்டமான ‘சோகோ பை’ தின்றுகொண்டிருக்கிறார். தெற்கே வந்துவிட்டால் இதை வயிறாரச் சாப்பிடலாமே என்கிறான் இவன். ஓ வாயில் இருந்ததைக் கையில் துப்பிவிட்டு, தன் நாடு இதைவிட நல்ல தின்பண்டம் செய்யும் நாளே தன் கனவு என்கிறார். சிப்பாயின் முகம் செத்துவிடுகிறது. துப்பியதை ஓ மறுபடி வாயில் போட்டுக்கொள்கிறார். நாட்டுப்பற்றும் நாக்கும் ஒரே மனிதனிடம் சண்டையில்லாமல் இருப்பதை, ஓவாக நடிக்கும் சாங் காங்-ஹோ சில நொடிகளில் காட்டிவிடுகிறார். படம் வெளிவந்தது, இரு கொரியத் தலைவர்களும் முதன்முறையாகச் சந்தித்த ஆண்டில். வடக்கத்தியனைச் சிரிக்கவும் சாப்பிடவும் விட்டதே அன்று பெரிய துணிச்சல்.

இவ்வளவு நுட்பம் விசாரணைப் பகுதியில் இல்லை. வெளிநாட்டு அதிகாரிகள் பேசும் ஆங்கில வசனங்கள் எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோல் ஒலிக்கின்றன. சோஃபியாக வரும் லீ யங்-ஏ நல்ல நடிகை. ஆனால் சோஃபிக்குக் கேள்வி கேட்பதைத் தவிர வேலை அதிகம் இல்லை. கொரியப் போர் முடிந்தபின் வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம் என்று சொன்ன 76 கொரியக் கைதிகளில் சோஃபியின் தந்தையும் ஒருவர். அந்தக் கைதிகள் 1954-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது வரலாறு. தனிப் படத்துக்கே போதுமான விஷயம்! இங்கே அது சோஃபியைப் பதவியிலிருந்து விலக்குவதற்கான காரணமாக மட்டும் வந்து போகிறது.

இதைத் திரைக்கதையின் சின்னச் சறுக்கல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஏனெனில், இந்தப் படத்தில் விசாரணையும் உயிரைப் பறிக்கிறது. சோஃபி நெருக்கியதும் ஒரு சிப்பாய் ஜன்னல் வழியே குதிக்கிறான். விலகிச் செல்லும்போது அவர் சொல்லும் ஓர் உண்மையைத் தாங்க முடியாமல் இன்னொருவன் தன்னையே சுட்டுக்கொள்கிறான். உண்மையைத் தோண்டியவருக்கு இந்தச் சாவில் பங்கு உண்டா என்ற கேள்வியை இயக்குநர் துணிந்து எழுப்புகிறார். அதைச் சுமக்க வேண்டிய பாத்திரத்தை மட்டும் அவர் முழுதாக எழுதவில்லை. அந்த வீரர்கள் எல்லோரும் மறக்க முடியாதவர்கள். விசாரித்தவரின் பெயரைக்கூட யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.