சூதும் அளவும்

அளவறிதல் திருவள்ளுவர் பெரிதும் போற்றிய பண்பு. ஈகைக்கு அவர் அளவு கூறினார். வருவாய் சிறிதாயினும் செலவு விரியாதிருப்பிற் கேடில்லை என்றார். அளவறியாதவன் வாழ்க்கை உள்ளதுபோலத் தோன்றி இல்லாதொழியும் என்றார். இத்தகையவர் பொருட்பாலிற் சூதினைப் பற்றிப் பத்துக் குறள் பாடியவிடத்து, அளவு என்னும் சொல்லை ஒருமுறையேனும் வழங்கினாரல்லர். அடுத்து நிற்கும் மருந்து அதிகாரத்தில் அச்சொல் மீண்டும் வந்துவிடுகிறது. இதனைத் தற்செயல் என்று விட்டுவிடுதல் பொருந்தாது.

சூதினைப் பொழுதுபோக்காகக் கொள்ளலாம், இவ்வளவே செலவிடுவது என்று முன்னரே வரையறுத்துக்கொண்டாற் போதும் என வாதிப்போர் உளர். சீட்டாட்டத்துக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் கூறப்பட்ட இவ்வாதம் இன்று கைத்தொலைபேசியில் ஆடும் ஆட்டங்களுக்கும் கூறப்படுகிறது. வாதம் முற்றும் பொய்யன்று. ஆயின், எல்லை வகுப்பவன் யார், அதனைக் காப்பவன் யார் என்பதே வினா. இழக்குந்தோறும் சூதின்மேற் காதல் மிகும் என்பது அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளிற் பெறப்படும் உண்மை. அஃதாயின், ஆடத் தொடங்கு முன் எல்லை வகுத்தவனும், பாதி இழந்தபின் அவ்வெல்லையிலே நிற்க வேண்டியவனும் ஒரே மனநிலையினர் அல்லர். இருக்கு வேதத்துப் பத்தாம் மண்டலத்து 34ஆம் சூக்தத்திலே வரும் சூதாடி, இனி ஆடுவதில்லை என்று உறுதி கொள்கிறான். காய்கள் உருளும் ஓசை கேட்கிறது. போய்விடுகிறான். (காய் உருளும் மனையை வள்ளுவர் 'கழகம்' என்கிறார். பல்கலைக்கழகம் புகக் காத்திருக்கும் மாணவர் இதனைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.)

தருமனுக்கு வந்த அழைப்பும் பொழுதுபோக்குக்கான அழைப்பே. நண்பரிடையே ஆடும் சூது என்றே வியாச பாரதத்தில் அது சொல்லப்படுகிறது. பொருள், நாடு, தம்பியர், தான், தாரம் எனப் படிப்படியாக யாவும் போயின. இழந்தவை திரும்பக் கிடைத்தபின்னும் மறுசூதுக்கு அழைத்தபோது அவன் மறுத்தானில்லை. பாஞ்சாலி சபதத்திலே, தருமன் நாட்டைப் பணயம் வைக்கும் இடத்திற் பாரதியார் கதையை நிறுத்திவிட்டுச் சினந்து பேசுகிறார். கோயிற் பூசகன் சிலையை விற்பதும், வாயில் காப்போன் வீட்டை வைத்து இழப்பதும் அவர் காட்டும் உவமைகள். தொகை பெரிதா சிறிதா என்பதன்று அவர் கேட்பது. அது யாருடையது என்பதே.

நளனையும் தருமனையும் ஒரு தட்டில் வைத்தல் நம் கட்டுரையாசிரியர் பலர்க்கு வழக்கமாகிவிட்டது. அது நளனுக்குச் செய்யும் அநீதி. நாடும் நிதியும் இழந்தபின், தமயந்தியைப் பணயமாக வை என்கிறான் புட்கரன். நளன் சூதை விட்டெழுகிறான். வியாசர் அவனை மறுமொழி கூறாது, அணிகளைக் களைந்துவிட்டு வெளியேறச் செய்தார். புகழேந்தியார் இனிச் சூதில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வைத்தார். கலி உடம்பிற் புகுந்திருக்கும்போதே அவன் எழுந்தான் என்பது கருதத்தக்கது. எல்லாம் கலியின் செயலென்றால், எழுந்தது யார் செயல்? எனினும் அவ்வெல்லை மிகத் தாழ்ந்து வந்தது. அதற்குள் குடிகளின் நாடு போயிற்று.

காலத்தால் எல்லை வகுத்தவள் தமயந்தியே. வியாசர் கதையில் ஆட்டம் திங்கள் பலவாக நீள்கிறது. அமைச்சரும் நகரத்தாரும் வாயிலில் வந்து நின்றும் நளன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டம் முடியுமுன்னரே அவள் தேர்ப்பாகனை அழைத்து, மக்கள் இருவரையும் குண்டினபுரத்துக்கு அனுப்பிவிடுகிறாள். காய்களைத் தொடாத கை இட்ட வரம்பு அது. கணவனைத் தடுக்க அவளால் இயலவில்லை. இழப்பு எட்டாத இடத்தில் எதனை வைப்பது என்பதை அறிந்திருந்தாள். நளவெண்பாவிலோ, நாடிழந்து வெளியேறிய பின்னரே மக்கள் மறையவன் ஒருவனோடு அனுப்பப்படுகின்றனர். இம்மாற்றத்தாற் புகழேந்தியார் பெற்றது அவலச்சுவை. பிள்ளைகள் பிரியும் காட்சி கற்றோர் நெஞ்சை உருக்கும். இழந்தது தமயந்தியின் முன்னறிவு. வெண்பாவின் இனிமையிலே இவ்விழப்பை எவரும் உணர்வதில்லை.

நளன் இருதுபன்னனிடம் காய்களின் மறைபொருளைக் கற்று மீள்கிறான். புட்கரனை மீண்டும் ஆட்டத்துக்கு அழைக்கிறான். ஒரே எறிதலுக்கு அவன் வைக்கும் பணயம், வியாசர் கூற்றுப்படி, ஈட்டிய பொருள் அனைத்தும் தமயந்தியும். அன்று அவளை வைக்க மறுத்து எழுந்த அதே நளன்! வெல்வது உறுதி என்பது அவன் எண்ணம், வென்றும் விட்டான். வென்றுவிட்டமையால், அவளைக் கேட்டானா என்று உரையாசிரியரோ மாணவரோ வினவுவதில்லை.