அசடு வழிதலும் க்ரிஞ்சும்

பெசன்ட் நகர் கடற்கரையில் சாயங்காலம் அரை மணி நேரம் நடந்தால் போதும். ‘செம எம்பாரஸிங்காப் போச்சுடி’, ‘டோட்டலா டிஸப்பாயின்ட் ஆயிட்டேன் மச்சி’, ‘ஐயோ க்ரிஞ்ச்’ என்று மூன்றும் காதில் விழுந்துவிடும். இதைச் சொன்னால் நண்பர்கள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள்: தமிழ்ல அதுக்கு கரெக்டான வார்த்தை இல்லையே?

இருக்கிறது, தேவைக்கு மேலேயே இருக்கிறது. கூச்சம், வெட்கம், நாணம், சங்கடம், தர்மசங்கடம், தலைகுனிவு, அவமானம். பேச்சில் இன்னும் துல்லியம்: அசடு வழிஞ்சான், மூக்கு உடைஞ்சுது, மூஞ்சி தொங்கிப்போச்சு, கூனிக் குறுகிட்டேன், ஒரு மாதிரி ஆயிடுச்சு. குறளில் மானத்துக்கு ஓர் அதிகாரம் (97), நாணுடைமைக்கு ஓர் அதிகாரம் (102), காதலில் அந்த நாணத்தைத் துறப்பதைச் சொல்ல இன்னோர் அதிகாரம் (114). தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக இளிவரலை வைக்கிறது. ஆகவே பற்றாக்குறை காரணமில்லை. இந்த ஆங்கிலச் சொற்கள் நமக்கு வேறு ஏதோ வேலை செய்து தருகின்றன. அது என்ன என்பதுதான் என் கேள்வி.

‘ஏமாற்றம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளே ஏமாற்றியவர் ஒருவர் நிற்கிறார், ஏமாந்தவர் ஒருவர் நிற்கிறார். ‘ஏமாந்துட்டேன்’ என்று சொன்னால் என் முட்டாள்தனமும் அதில் சேர்ந்துவிடும். ‘ஏமாத்திட்டான்’ என்றால் அது குற்றச்சாட்டு. டிஸப்பாயின்ட்மென்டில் இந்த வழக்கே கிடையாது. மூலப் பிரெஞ்சுச் சொல்லுக்குப் பதவியிலிருந்து நீக்குவது என்று பொருள். இன்று அதில் நீக்கியவரும் இல்லை, பதவியும் இல்லை, வெறும் மனநிலை மட்டும் மிச்சம். மகனின் மார்க் ஷீட்டைப் பார்த்து ‘ஐ ஆம் டிஸப்பாயின்டட்’ என்று அப்பா சொல்லிவிடலாம். அதையே தமிழில் சொல்லப் புகுந்தால், ‘உன்னை நம்பி இருந்தேனேடா’ என்று தன் நம்பிக்கையையும் வெளியே எடுத்து வைக்க வேண்டியிருக்கும். ஆங்கிலம் அந்தச் சிரமத்திலிருந்து அவரைக் காப்பாற்றுகிறது.

எம்பாரஸ் இன்னும் சுவாரசியம். பிரெஞ்சில் அது வழியை அடைப்பது, தடங்கல் செய்வது. 1975இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு நின்றுபோகும்போதெல்லாம் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று அட்டை காட்டுமே, ஏறக்குறைய அதுதான் எம்பாரஸிங். படம் கொஞ்ச நேரம் நின்றது, திரும்ப வந்துவிடும். ‘மானம் போச்சு’ அப்படியா? போன மானம் லேசில் வராது. அது போனதைப் பார்க்கத் தெருவே நிற்கும். நம் ஊரில் மானம் ஒருவருடையதாக இருப்பதில்லை. குடும்பத்துடையது, சாதியுடையது, பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில் ஏற்றி வைக்கப்பட்டது.

இங்கே நான் ஆங்கிலச் சொல்லின் பக்கம் நிற்கிறேன். ஓர் இளம்பெண் ‘மானம் போச்சு’ என்ற இடத்தில் ‘எம்பாரஸிங்கா இருந்துச்சு, விடு’ என்று சொல்லிக் கடந்துபோக முடிகிறது என்றால் அது நல்ல விஷயம். நாம் சொற்களோடு தெரிந்தே சண்டை போட்டிருக்கிறோம். ‘கௌரவக் கொலை’ என்று எழுதிக்கொண்டிருந்த இடத்தில் ‘ஆணவக் கொலை’ என்று எழுதவைத்தது அப்படி ஒரு சண்டைதான். கொலைகாரனுக்கு ஏன் கௌரவத்தைக் கொடுக்க வேண்டும் என்று யாரோ கேட்டதால் வந்த மாற்றம்.

தெருவும் இந்தச் சொற்களைச் சும்மா வாங்கிக்கொள்வதில்லை. ‘ஃபீல் பண்ணாத’ என்றால் சென்னையில் வருத்தப்படாதே என்று மட்டும்தான் பொருள், சந்தோஷத்துக்கு யாரும் ஃபீல் பண்ணுவதில்லை. டென்ஷன் கோபமாகிவிட்டது. மூக்குடைபடுவது நோஸ்கட் ஆனது. ‘பல்பு வாங்கினான்’ என்பதை எந்த வெள்ளைக்காரரிடம் சொன்னாலும் புரியாது. இவை தமிழ்ச் சொற்கள், ஒலி மட்டும் வெளியூர்.

எனக்குப் பிரச்சினை க்ரிஞ்சோடுதான். எம்பாரஸிங் என் முகத்தைப் பற்றிப் பேசுகிறது. க்ரிஞ்ச் அடுத்தவன் முகத்தைப் பற்றிப் பேசுகிறது. அவன் ஆடுகிறான், கூச்சம் எனக்கு, குற்றம் அவனுக்கு. 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்படுவதற்கு முன், ஓட்டு வீட்டு வாசலிலும் வயல் வரப்பிலும் நின்று ஆடியவர்களை நோக்கி இந்தச் சொல் எவ்வளவு எளிதாக வீசப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். அதே ஆட்டத்தை நல்ல வெளிச்சத்தில், நல்ல உடையில், நம் ஏரியா பெண் ஆடியபோது அது ரீல்ஸ். ஊரூர் குப்பத்துக்கும் அதற்குப் பக்கத்துக் காபிக் கடைக்கும் நடுவே ஒரு தெருதான். க்ரிஞ்ச் என்ற சொல் அந்தத் தெருவை அகலப்படுத்துகிறது.

இதை நினைக்கும்போது அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ நினைவுக்கு வருகிறது. ஜெமினி ஸ்டுடியோவில் பல வருடம் வேலை பார்த்தவர் அவர். சினிமாக் கம்பெனி ஒன்றுக்கு வாய்ப்புக் கேட்டு வருகிறான் காதர். புலி வேஷம் கட்டுவேன் என்கிறான். வேலை இல்லை என்று தெரிந்தும், அந்த ஆபீஸ் அறைக்குள்ளேயே புலியாகிக் காட்டுகிறான். பின்னால் வாய்ப்பு வந்து கடிதம் போடும்போது அது திரும்பி வந்துவிடுகிறது. ஒரு மனிதன் ஆபீஸ் மேஜை நாற்காலிகளுக்கு நடுவில் புலியாகத் தாவுவது, இன்றைய கணக்கில், அப்பட்டமான க்ரிஞ்ச். இளக்காரமாகத் தொடங்கக்கூடிய அந்தப் பார்வையைக் கதை மெல்லத் திருப்பி, கூசவேண்டியது யார் என்று நம்மையே கேட்க வைக்கிறது. உணர்ச்சிக்குப் பெயர் வைக்காமல் இதைச் செய்வதுதான் அதன் பலம்.

புதிய கதைகள் பலவற்றில் நான் காண்பது இதற்கு நேர்மாறு. ‘அவனுக்கு ஆக்வர்டாக இருந்தது’ என்று ஒரு வரி, அடுத்த காட்சி. சொல் ஆங்கிலம் என்பதில் எனக்குப் புகார் இல்லை. அந்தச் சொல் வந்ததும் எழுத்தாளர் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார் என்பதுதான் புகார். ‘அசடு வழிஞ்சான்’ என்று எழுதினால் குறைந்தபட்சம் ஒரு முகம் தெரியும், அதிலிருந்து எதுவோ வழிவது தெரியும். ‘ஆக்வர்ட்’ என்றே எழுதுங்கள், ஆனால் அந்த நேரத்தில் அவன் கை எங்கே இருந்தது, யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யார் சிரிப்பை அடக்கினார்கள் என்பதையும் எழுதுங்கள்.