சிவப்புச் சட்டைக்காரரும் சக்திமானும்

அறிவியல் கற்பனைத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட திறனாய்வு மிகக் குறைவு. ஆனால் அவற்றைப் பற்றிய பேச்சு என்றுமே குறைவாக இருந்ததில்லை. அந்தப் பேச்சு பெரும்பாலும் கேலிப் பேச்சாக இருந்ததால் அதைத் திறனாய்வு என்று மதிப்பார் இல்லை. சிரித்துக்கொண்டே சொல்லப்படுவது ஆழமற்றது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இந்தத் தொடர்களைப் பொறுத்தவரையிலாவது அவ்வெண்ணம் பிழை என்பதே என் கருத்து.

1997 செப்டம்பரில் தூர்தர்ஷனில் தொடங்கி 2005 வரை நீடித்த ‘சக்திமான்’ தொடரை வாசகர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட எங்கள் தம்மம்பட்டியில், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் சிறுவர்கள் அவ்வளவு விரைவாக வீடு திரும்பியதற்குப் பக்தி மட்டும் காரணமன்று. நண்பகலில் சக்திமான் வந்துவிடுவார். தொடரோ இந்தியில். வீட்டில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. எனவே பார்ப்பவர்களே தமிழில் உரையாடல் கட்டினார்கள். தீய விஞ்ஞானி டாக்டர் ஜாக்கால் ‘பவர்’ என்று கூவும்போதெல்லாம், மின்வெட்டுக்குப் பழகிய ஊரில், அது மின்வாரியத்துக்குச் செய்யும் விண்ணப்பம் ஆயிற்று.

ஆனால் எல்லாரையும் ஆட்கொண்ட கேள்வி மூக்குக்கண்ணாடி பற்றியது. முகேஷ் கன்னா நடித்த சக்திமான், மற்ற நேரங்களில் கங்காதர் என்னும் அப்பாவிப் புகைப்படக்காரர். தடித்த கண்ணாடி, துருத்திய பல், எண்ணெய் வழியும் தலை. உடன் பணிபுரியும் கீதா விஸ்வாஸ் செய்தியாளர். உண்மையைத் தோண்டி எடுப்பதே அவர் தொழில். அவருக்கு மேசைக்கு எதிரே இருப்பவர் யார் என்று தெரியவில்லை! இந்தக் குறும்பு அமெரிக்காவில் 1938-இல் சூப்பர்மேனோடு பிறந்தது என்பார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டு எம்.ஜி.ஆர். வந்து நின்றால் வில்லனுக்கு அடையாளம் தெரியாமற் போன திரைப்படங்களில் வளர்ந்தவர்கள் நாம். கங்காதரின் கண்ணாடியைக் கண்டதும் பெரியவர்கள் சிரித்த சிரிப்பில் பழைய உறவினரைக் கண்ட மகிழ்ச்சி இருந்தது.

தம்மம்பட்டி மரச்சிற்பிகளின் ஊர். தூங்குமூஞ்சி வாகையிலிருந்து தெய்வ உருவங்களைச் செதுக்குகிறவர்கள் இங்கு பல குடும்பத்தினர். உளி பட்ட இடமும் ஒட்டுப் போட்ட இடமும் அவர்கள் கண்ணுக்குத் தப்பா. அரக்கனின் முகமூடி கழுத்தோடு சேரும் விளிம்பை அவர்கள் முதற்காட்சியிலேயே கண்டுபிடித்து நகைத்தார்கள். அடுத்த வாரமும் தவறாமல் வந்து உட்கார்ந்தார்கள். செய்திறனை அறிந்தவரின் கேலிக்கும், ஒரு பகுதியைக்கூட முழுதாகப் பாராமல் ‘எல்லாம் குப்பை’ என்று ஒதுக்குகிறவரின் ஏளனத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். முன்னவர் பார்த்திருக்கிறார்.

இத்தகைய கேலியைத் தயாரிப்பாளர்களே கேட்டுத் திருந்தியதும் உண்டு. இங்கிலாந்தின் பி.பி.சி.யில் 1963 நவம்பரில் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ தொடரில் டாலெக் என்னும் கொடிய இயந்திர உயிர்கள் வரும். அண்டம் முழுவதையும் அழிக்கப் புறப்பட்ட அவற்றின் கை, சமையலறைத் தொட்டியில் அடைப்பெடுக்கும் ரப்பர்க் கிண்ணம் போன்றது. அடியில் உருளைகள். ஆகவே, ‘மாடிக்கு ஏறிவிட்டால் தப்பித்துக் கொள்ளலாமே’ என்று இரசிகர்கள் ஆண்டுக்கணக்காகச் சிரித்தார்கள். 1988-இல் ஒரு பகுதியின் இறுதியில் ஒரு டாலெக் படிக்கட்டின் மேல் மிதந்து எழுந்து வருவதைத் தெளிவாகக் காட்டினார்கள். அந்தக் கேலியை அறியாதவருக்கு அது சாதாரணக் காட்சி. அறிந்தவருக்கோ அடிவயிறு கலங்கும் காட்சி.

இருப்பினும் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது இன்னொரு கேலியே. 1966 முதல் 1969 வரை அமெரிக்காவில் 79 பகுதிகளாக வெளிவந்த ‘ஸ்டார் டிரெக்’ தொடரை 1980களில் தூர்தர்ஷனும் ஒளிபரப்பியது. அதில் கப்பல் தலைவர் கிர்க், ஸ்பாக், மருத்துவர் மெக்காய் ஆகியோர் அறியாத கோளொன்றில் இறங்குவார்கள். அவர்களோடு சிவப்புச் சட்டை அணிந்த காவலர் ஒருவரும் இறங்குவார். அவரை அதற்கு முன் நாம் பார்த்திருக்க மாட்டோம். சிறிது நேரத்தில் அவர் இறந்துவிடுவார். தலைவர் ஒரு கணம் முகம் வாடுவார். பிறகு கதை தொடரும். வாரந்தோறும் இதைக் கண்ட இரசிகர்கள், சிவப்புச் சட்டை என்றாலே சாவுச் சீட்டு என்று கேலி பேசத் தொடங்கினார்கள். பொறியாளர் ஸ்காட்டியும் செய்தித்தொடர்பு அதிகாரி உஹூராவும் அதே சிவப்பை அணிந்து கடைசிவரை வாழவில்லையா என்று கணக்குப் பார்க்கிறவர்கள் மறுத்தார்கள். அவர்களுக்குப் பெயர் இருந்ததே என்று உடனே விடை வந்தது.

அந்த விடையில் இருக்கும் கூர்மையைக் கவனிக்க வேண்டும். எல்லா இனத்தாரும் சமம் என்று பேசிய தொடர் அது. கறுப்பினப் பெண் ஒருவரை அதிகாரியாக அமர்த்தி, அக்காலத்தில் துணிவு என்று போற்றப்பட்டது. அப்பாராட்டு தகும். ஆனால் கதாநாயகருக்கு ஆபத்து உண்டு என்று நமக்கு உணர்த்துவதற்காக மட்டுமே ஒரு மனிதன் சாக வேண்டியிருந்தது. அவனுக்குத் தாய் உண்டா, ஊர் உண்டா என்று தொடர் பெரும்பாலும் கேட்கவில்லை. அதைக் கேட்டது பார்வையாளரின் நையாண்டி. ‘கேலக்ஸி குவெஸ்ட்’ என்னும் 1999ஆம் ஆண்டு நகைச்சுவைத் திரைப்படத்தில், பழைய விண்வெளித் தொடரொன்றில் சிறு வேடமேற்ற நடிகர் மெய்யான விண்கலத்தில் அகப்பட்டு நடுங்குகிறார். தம் பாத்திரத்துக்கு முழுப்பெயர்கூட இல்லை, ஆகவே முதலில் சாகப்போவது தாமே என்பது அவர் அச்சம். சிரிப்பு வருகிறது; கூடவே தொண்டையும் அடைக்கிறது. ஜான் ஸ்கால்சி இதே கேலியை ‘ரெட்ஷர்ட்ஸ்’ என்னும் நாவலாக 2012-இல் விரித்து எழுதினார். அது மறு ஆண்டு ஹியூகோ விருது பெற்றது.

தமிழில் இந்த நரம்பை அறிந்தவர் சுஜாதா. ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின் தொலைக்காட்சிக்கும் போன ‘என் இனிய இயந்திரா’வின் சர்வாதிகார நாட்டில், குடிமக்களின் பெயர் இரண்டெழுத்தைத் தாண்டக்கூடாது. நிலா, சிபி, ரவி, மனோ. அந்நாட்டில் தாராளமாக வாயாடுவது ஜீனோ என்னும் இயந்திர நாய் ஒன்றே. அதன் கிண்டலை வெறும் துணுக்கு என்று படித்தவர்கள் பலர். பெயரையே வெட்டிவிட்ட அரசின் கீழ் கிண்டல் செய்வது எத்தகைய செயல் என்பதைச் சுஜாதா அறிந்தே எழுதியிருக்கிறார் என்று நான் கருதுகிறேன்.

சிரிப்பு இல்லாத இடத்தில் நிகழ்வதையும் சொல்ல வேண்டும். ‘கேலக்ஸி குவெஸ்ட்’ படத்தின் வேற்றுக்கோள் மக்களுக்குக் கற்பனை என்றால் என்னவென்றே தெரியாது. தொடரின் பகுதிகளை வரலாற்றுச் சான்றுகள் என்று நம்பிவிடுகிறார்கள். நமது நாட்டில் அது நகைச்சுவையாக நிற்கவில்லை. சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிச் சிறுவர் சிலர் தங்களுக்கே தீங்கு செய்துகொண்டதாக 1990களின் இறுதியில் நாளேடுகளில் செய்திகள் வந்தன. அவை பற்றிச் சர்ச்சையும் மூண்டது. சக்திமானே திரையில் தோன்றி, இவற்றைச் செய்து பார்க்காதீர்கள் என்று குழந்தைகளுக்கு அறிவுறுத்த வேண்டியதாயிற்று. அப்போது பலரும் தொடரைக் குற்றம் சொன்னார்கள். தனியே அமர்ந்து பார்த்த பிள்ளையின் பக்கத்தில், ‘அந்தக் கயிறு தெரிகிறது பார்’ என்று சிரித்துச் சொல்ல ஓர் அண்ணனோ சித்தப்பாவோ இருந்தார்களா என்று கேட்டவர் குறைவு. அறிவுரையைப் பிள்ளை மறந்துவிடும். அண்ணன் காட்டிய கயிற்றை மறக்காது.

2020 ஊரடங்கின்போது தூர்தர்ஷன் சக்திமானை மறுபடியும் ஒளிபரப்பியது. எங்கள் வீட்டில் பழைய இரசிகர்கள் தம் பிள்ளைகளை அழைத்து உட்காரவைத்து, கண்ணாடிக் கேலியை ஆர்வத்தோடு எடுத்துவைத்தார்கள். கணினி வரைகலையில் ஊறிய பிள்ளைகள் அதற்கு முன்பே சிரித்து ஓய்ந்திருந்தார்கள். சண்டைக் காட்சியொன்றில் வழிப்போக்கர் ஒருவர் தூக்கி எறியப்பட்டு விழுந்தார். ஒளிப்படக் கருவி அவரை விட்டு நகர்ந்துவிட்டது. எட்டு வயதுப் பேத்தி மட்டும் திரையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்து, “தாத்தா, அந்த ஆள் எழுந்தாரா?” என்று கேட்டாள்.