தொலைக்காட்சி நாடகத்தில் மூப்பு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளையும் கூறி, அவை ஒவ்வொன்றும் நந்நான்கு பொருள்பற்றித் தோன்றும் என வகுத்துள்ளார். இளிவரலுக்கு உரிய நான்கனுள் அவர் முதற்கண் வைத்தது மூப்பு. பிணியும் வருத்தமும் மென்மையும் அதன் பின்னரே வருகின்றன. பெருமிதத்துக்கு உரியனவாக அவர் கூறிய கல்வி, தறுகண், புகழ், கொடை என்பவற்றுள் மூப்புக்கு இடமில்லை. உரைகண்ட பேராசிரியர் இதன்கண் நுட்பமானதொரு வேறுபாட்டைக் காட்டுவர். இளிவரல் தன்கண் தோன்றிய மூப்பாலும் பிறக்கும். பிறன்கண் தோன்றிய மூப்பாலும் பிறக்கும் என்பது அவர் கருத்து. தன் உடல் தளர்வதை உணர்தல் ஒன்று. பிறர் உடல் தளர்வதைக் காணுதல் மற்றொன்று. மூப்பைச் சித்திரிக்கும் எந்தக் கலையும் இவ்விரண்டனுள் எதனைச் செய்கின்றது என்ற வினாவுக்கு விடைகூறியே ஆகவேண்டும். தொலைக்காட்சி நாடகமும் அதற்கு விலக்கன்று.

மேடையில் மூப்பைக் காட்டுதல் அத்துணை அரிதன்று. நரைமுடியும் ஊன்றுகோலும் வளைந்த முதுகும் போதும். நடிகருக்கும் அவையோருக்கும் இடைப்பட்ட தூரம் எஞ்சிய குறைகளை மறைத்துவிடும். தொலைக்காட்சியில் அத்தூரம் இல்லை. கமரா முகத்தை நெருங்குந்தோறும் ஒப்பனையின் விளிம்பும் உடன் புலப்படுகின்றது. அன்றியும், தொடர்நாடகம் ஒருவரது அரை நூற்றாண்டு வாழ்வைப் பல வாரங்களுக்கு விரித்துரைப்பது. இவ்விடர்ப்பாட்டை ஆங்கில நாடகங்கள் இரண்டு வெவ்வேறு நெறிகளால் எதிர்கொண்டன. 1976 இல் பி.பி.சி. ஒளிபரப்பிய ‘ஐ, குளோடியஸ்’ ஒரே நடிகரை மூத்தவராக்கியது. 2016 முதல் 2023 வரை நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட ‘த கிரவுன்’ நடிகரையே மாற்றியது.

றொபேட் கிறேவ்ஸ் எழுதிய உரோம வரலாற்று நாவல்களை ஜாக் புல்மன் நாடகமாக்க, ஹேர்பேட் வைஸ் நெறிப்படுத்திய தொடர் ‘ஐ, குளோடியஸ்’. பேரரசன் ஒகஸ்தஸின் மனைவி லிவியாவாக நடித்த ஷான் பிலிப்ஸ் பிறந்தது 1933 இல். அவள் மகன் திபேரியஸாக நடித்த ஜோர்ஜ் பேக்கர் பிறந்தது 1931 இல். தாயாக நடித்தவர் மகனாக நடித்தவருக்கு இரண்டாண்டு இளையவர். ஒகஸ்தஸாக நடித்த பிறையன் பிளெசட் 1936 இற் பிறந்தவர். தம் மாற்றான் மகனிலும் ஐந்தாண்டு இளையவர். இருந்தும் காண்போர் எவரும் இவ்வுறவுகளை ஐயுறுவதில்லை. இதற்கு ஒப்பனை மட்டும் காரணமன்று. லிவியாவின் முன் திபேரியஸ் நிற்கும் நிலையே அவளைத் தாயாக்குகின்றது. போர்க்களம் பல கண்ட படைத்தலைவன் அவள் சொல்லின்முன் சிறுவனைப்போல முகங்கோணி நிற்கின்றான். மூப்பு என்பது ஒருவர் தோலில் மட்டும் இருப்பதன்று. அவரைச் சூழ்ந்தோர் அவரிடத்து ஒழுகும் முறையிலும் இருப்பது என்னும் உண்மை இங்கே வெளிப்படுகின்றது.

தொடரின் நடுப்பகுதியில் லிவியாவின் முகத்தைச் சுருக்கங்கள் செறிந்த ஒப்பனை மூடுகின்றது. மிக அண்மையிற் காணும்போது அது முகமூடிபோலத் தோன்றும் இடங்களும் உள. எனினும் அவள் மரணப்படுக்கைக் காட்சிகள் ஒப்பனையின் எல்லையை நன்கு உணர்த்துகின்றன. நரகத் துன்பத்துக்கு அஞ்சிய லிவியா, தன்னைத் தெய்வமாக்கவேண்டும் என்று வேண்டிக் கிடக்கின்றாள். முதலில் வரும் கலிகுலா அவளை எள்ளி நகையாடி, வேண்டுகோளை மறுத்துச் செல்கின்றான். பின்னர் வரும் குளோடியஸ் அவளுக்கு வாக்களிக்கின்றான். முகம் ஒன்றே, ஒப்பனை ஒன்றே, படுக்கையும் ஒன்றே. கலிகுலாவின் அருகே அவள் அருவருப்புக்கும் ஏளனத்துக்கும் உரிய கிழவி; குளோடியஸின் அருகே சாவை அஞ்சும் ஒரு மனித உயிர். ஒப்பனையாளரால் மாற்றவியலாத ஒன்றை அருகிலிருப்பவரின் பார்வை மாற்றிவிடுகின்றது.

கமராவின் ஆற்றலுக்கு ஒகஸ்தஸ் இறக்கும் காட்சி தக்க சான்று. நஞ்சூட்டப்பட்ட முதிய பேரரசன் படுக்கையிற் கிடக்கின்றான். லிவியா பேசுகின்றாள்; அவள் குரல் கேட்கின்றது, உருவம் தோன்றுவதில்லை. பேசுபவர் முகத்தைக் காட்டுவதே தொலைக்காட்சி நாடகத்தின் வழக்கம். இங்கோ கமரா கேட்பவன் முகத்தை விட்டு நெடுநேரம் அகலாது நிற்கின்றது. அம்முகத்தில் உயிர் நீங்கிய கணம் எதுவெனக் காண்போர் துணிந்து கூறவியலாது. உலகை ஆணையிட்டு ஆண்ட ஒருவன் மறுமொழி கூறமாட்டாது கேட்டுக் கிடப்பவனாகின்றான். அவனிடம் பேசுவோரும் அவன் விடையை எதிர்பார்ப்பதில்லை. முதியோர் பலர் தம் வீட்டிலேயே எய்தும் நிலையும் இதுவே. இதனைக் காட்டியது நரைமுடியன்று, கமராவின் பொறுமையே.

ஒலியின் பயனை ஆராய்வதற்குப் புறநானூற்றின் 243 ஆம் பாட்டை நினைவுகூர்தல் தகும். தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவர், பூண் செறிந்த கோலை ஊன்றி, இருமலுக்கிடையே சில சொற்களைப் பேசும் முதியவன் ஒருவனைக் காட்டுகின்றார். கோலும் இருமலும் புறத்தே நின்று காண்போருக்கு இளிவரலைத் தருவன. ஆயினும் அப்பாட்டிற் பேசுபவன் முதியவனே. மடுவிற் பாய்ந்து அடிமணலை அள்ளி வந்த தன் இளமையை அவனே எண்ணி இரங்குகின்றான். ஆதலின் கேட்போர் அவனைப் பார்ப்பதோடு அமையாது, அவனோடு சேர்ந்து பார்க்கவும் செய்கின்றனர். ‘ஐ, குளோடியஸ்’ தன் வழியில் இதனையே செய்கின்றது. டெறெக் ஜாக்கோபி நடித்த முதிய குளோடியஸ் தன் குடும்ப வரலாற்றை எழுதத் தொடங்குவதோடு நாடகம் தொடங்குகின்றது. திரையில் தோன்றுபவன் திக்கிப் பேசி, நொண்டி நடந்து, மூடன் என யாவராலும் இகழப்படும் இளைஞன். அக்காட்சிகளின்மேல் ஒலிப்பது அனைத்தையும் கண்டு தெளிந்த முதியவனின் குரல். காட்சி இளமையையும் குரல் மூப்பையும் தாங்கி வருகையில், மூப்பு தளர்ச்சியாகத் தோன்றாது அறிவாகத் தோன்றுகின்றது.

பீற்றர் மோர்கன் உருவாக்கிய ‘த கிரவுன்’ இரண்டாம் எலிசபெத் மகாராணியாரின் வாழ்வை ஆறு பருவங்களிற் கூறுவது. இளமைக்குக் கிளெயர் ஃபொய், நடுவயதுக்கு ஒலிவியா கோல்மன், முதுமைக்கு இமெல்டா ஸ்டோன்டன் என இரு பருவத்துக்கு ஒருவராக மூவர் நடித்தனர். ஒப்பனைச் சுமை குறைந்தமையும், முகம் தடையின்றி இயங்கியமையும் இம்முறையின் நயங்கள். ஆனால் மெல்ல மெல்ல வரவேண்டிய மூப்பு ஓர் இரவில் வந்துவிடுவது இதன் குறை. நாடகம் அக்குறையை மறைக்க முயலவில்லை. 2019 இல் வெளிவந்த மூன்றாம் பருவத்தின் தொடக்கத்தில், அஞ்சல்தலைக்குரிய பழைய உருவமும் புதிய உருவமும் அரசியாரின்முன் வைக்கப்படுகின்றன. பழையதில் இருப்பது முன்னைய நடிகையின் முகம்; புதியதில் இருப்பது பின்னையவரின் முகம். சுற்றி நிற்போர் நயமான சொற்களால் மாற்றத்தைப் பூசி மெழுக, அரசியார் உண்மையை நேரே ஏற்கின்றார். தன்கண் தோன்றிய மூப்பை ஒருவர் தாமே கண்டு கூறும் இடம் இது.

இங்கே உடையணியின் தொழில் தலைகீழாகின்றது. வழக்கமாக உடை வயதை உணர்த்தும். ‘த கிரவுன்’ நாடகத்திலோ முகம் மாறிவிட்டமையால், ஆள் மாறவில்லை என்பதை உணர்த்தும் பொறுப்பு உடையின்பாற் படுகின்றது. தலையிற் கட்டிய பட்டுத்துணியும் கைப்பையும் முத்துமாலையும் மூன்று நடிகைகளையும் ஒருவராக இணைக்கின்றன. உடல் மாறியும் பழக்கம் மாறாது நிற்பதே மூப்பின் ஓர் இலக்கணம் என்பதை இவ்வுடைகள் சொல்லாமற் சொல்கின்றன.

இந்நாடகத்தின் முதற்பருவத்து ஒன்பதாம் பகுதி, மூப்பைச் சித்திரித்தல் என்பதையே தன் பொருளாகக் கொண்டது. 1954 நவம்பர் 30 ஆம் திகதி, வின்ஸ்டன் சேர்ச்சிலின் எண்பதாவது பிறந்தநாளன்று, கிரகம் சதர்லாந்து தீட்டிய அவரது ஓவியம் பாராளுமன்றத்தின் பரிசாக அவருக்கு வழங்கப்பட்டது. சேர்ச்சில் அதனை வெறுத்தார். பின்னர் அது அழிக்கப்பட்டது. நாடகத்தில் ஜோன் லித்கோ சேர்ச்சிலாக நடிக்கின்றார். ஓவியம் கொடியது என்று அவர் சினக்க, கொடுமை ஓவியத்தில் இல்லை, மூப்பிலேயே உள்ளது என்னும் பொருள்பட ஓவியர் விடையிறுக்கின்றார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஓவியர் தீட்டியது பிறன்கண் மூப்பு, அதிற் பிழையில்லை. சேர்ச்சில் அதிற் காண நேர்ந்தது தன்கண் மூப்பு. ஆதலின் அவராற் பொறுக்கவியலவில்லை. ஓவியம் தீயில் எரிவதோடு அப்பகுதி முடிகின்றது. படம் எரிந்தது; மூப்பு எரியவில்லை.

நடிகரை மாற்றும் நெறியின் குறையை ஈடுசெய்யும் முயற்சி 2023 திசம்பரில் வெளிவந்த இறுதிப் பகுதியிற் காணப்படுகின்றது. தம் இறுதிச்சடங்குக்கான ஏற்பாடுகளை எண்ணும் அரசியாரின்முன் முன்னைய இரு நடிகைகளும் தோன்றி உரையாடுகின்றனர். ஒரு முதியவருக்குள் அவருடைய இளமையும் நடுவயதும் அழியாது வாழ்கின்றன என்பதை இது நன்கு காட்டுகின்றது. ஆயினும் ஆறு பருவங்கள் பிரித்து வைத்ததை ஒரு காட்சியில் ஒன்றுசேர்க்க வேண்டியிருந்தது. ‘ஐ, குளோடியஸ்’ அதனை முதற்காட்சியிலிருந்தே ஒரு குரலாற் சாதித்தது. பொருட்செலவிலும் கருவிநுட்பத்திலும் பின்னைய நாடகம் பன்மடங்கு உயர்ந்தது. மூப்பின் அகத்தைக் காட்டுவதில் முன்னையதே மேம்பட்டு நிற்கின்றது எனலாம்.

தொலைக்காட்சி, அரங்குக்குச் சென்று காணும் கலையன்று. வீட்டுக்குள்ளே காணும் கலை. பாட்டியும் பேரனும் ஒரே கூடத்தில் அமர்ந்து அதனைக் காண்கின்றனர். திரையில் ஒரு முதியவரின் நடுங்கும் கையையும் தடுமாறும் சொல்லையும் மட்டும் காட்டி நகைப்பூட்டும் நாடகம், பேரனுக்கு ஒரு பார்வையைக் கற்பிக்கின்றது. அருகிலிருக்கும் பாட்டியும் அதனைக் கண்டுகொண்டே இருக்கின்றாள். ஆதலின் நரைமுடி இயல்பாக இருந்ததா என்று கேட்பதோடு திறனாய்வு நின்றுவிடலாகாது. கமரா அம்முதியவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்ததா, அவர் குரலுக்கு இடம் தந்ததா, அவர் கண்டதைக் காண்போருக்கும் காட்டியதா என்பனவும் கேட்கப்படவேண்டும். மூப்பை இளிவரலுக்கு உரியதாகத் தொல்காப்பியர் வைத்தது பொய்யன்று. அவ்விளிவரலைத் தன்கண் உணர்பவர் ஒருவர் அங்கே இருக்கின்றார் என்பதை மறவாத நாடகமே முதியோருக்கு நீதி செய்த நாடகமாகும்.