முன்னும் பின்னும்: ஒரு விளம்பரப் படத்துக்கு மதிப்புரை

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தை விட்டு வெளியே வருகிறவர் கண்ணில் முதலில் படுபவை பட்டு மாளிகைகளின் பெயர்ப் பலகைகள்தாம். சென்ற ஆண்டு அவற்றுக்கு நடுவே வேறு வகையான பலகை ஒன்று எழுந்தது. உடல் எடையைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சைக்கான விளம்பரம் அது. ஒரே பெண்மணியின் இரண்டு புகைப்படங்கள். ஒன்றின் கீழே 'முன்', மற்றதன் கீழே 'பின்'. நடுவில், பதினாறு மாதத்தில் நாற்பத்தைந்து கிலோ என்ற கணக்கு.

நாடகத்துக்கும் நூலுக்கும் மதிப்புரை எழுதலாம். விளம்பரப் படத்துக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். உடலைப் பற்றி இந்த ஊரில் நாள்தோறும் மிகப் பலர் பார்க்கும் விளக்கப்படம் அநேகமாக அதுதான். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் எலும்புக்கூட்டுப் படத்தை அத்தனை பேர் பார்ப்பதில்லை. அறிவியல் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு வீதிக்கு வரும் படத்தை அறிவியலின் அளவுகோலால் அளப்பது முறைதானே?

முதற் படத்தைப் பாருங்கள். வெறுஞ்சுவர். தலைக்கு மேலிருந்து விழும் வெளிச்சம். அதனால் கண்ணுக்குக் கீழும் கழுத்திலும் நிழல். தொளதொளத்த நைட்டி. பக்கவாட்டில் நிற்கிறார், முகத்தில் சிரிப்பில்லை. இரண்டாவது படத்தில் எதிரிலிருந்து விழும் மென்மையான ஒளி. சற்றே திரும்பிய நிலை. தலையில் பூ, முகத்தில் புன்னகை. உடுத்தியிருப்பது அரக்கு நிறத்தில் அகலக் கரை போட்ட நம்மூர்ப் பட்டுச் சேலை; முழங்கை வரை கை வைத்த ரவிக்கை.

சோதனை செய்கிறவன் கற்கும் முதற்பாடம், ஒன்றை மாற்றும்போது மற்றவற்றை மாற்றாதே என்பது. இங்கே உடை, ஒளி, நிற்கும் கோணம், முகபாவம் ஆகிய நான்கும் எடையோடு சேர்ந்து மாறியிருக்கின்றன. நாற்பத்தைந்து கிலோ செய்த வேலை எவ்வளவு, புகைப்படக்காரர் செய்த வேலை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எட்டாம் வகுப்பு மாணவன் இப்படி ஒரு சோதனையை எழுதிக் கொண்டுவந்தால் ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

பட்டுச் சேலையைத் தேர்ந்ததில்தான் படத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. நல்ல கோர்வைச் சேலை கனமானது. சரிகை ஏறிய கரையும் முந்தானையும் விறைத்து நிற்கும். உள்ளே இருக்கும் உடலின் வடிவத்தை அது காட்டாது. தன் வடிவத்தைத்தான் காட்டும். வயிற்றின் மேல் ஐந்தாறு மடிப்பு, தோளிலிருந்து தொங்கும் முந்தானை, மேற்கையை முழுதும் மூடிய ரவிக்கை. இந்தச் சிகிச்சைக்குப் பின் உடலில் எந்தெந்த இடங்கள் மாறி நிற்குமோ, அந்த இடங்களெல்லாம் மறைந்துவிட்டன. பலகையை நான் நின்று பார்த்தபோது அருகில் நின்ற நெசவாளர் ஒருவர் சொன்னது: "கோர்வை நல்லா விழுந்திருக்கு." அவர் கண்ணுக்குச் சேலைதான் தெரிந்தது. படம் எடுத்தவருக்கும் அதுவே வேண்டியிருக்கும்.

மறைந்தது என்ன? இன்று பெரிதும் செய்யப்படும் அறுவைகள் இரண்டு. ஒன்றில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீளவாட்டில் வெட்டி எடுத்து, எஞ்சியதைக் குழாய்போல் ஆக்குகிறார்கள். மற்றதில் இரைப்பையின் மேற்புறத்தில் சிறு பை ஒன்றை அமைத்து, அதை நேரே சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கிறார்கள். 1960-களில் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் தொடங்கிய வழியில் வந்தது இது. உண்ணும் அளவு குறைகிறது. பசியை எழுப்பும் கிரெலின் போன்ற சுரப்புநீர்களின் போக்கும் மாறுகிறது. உடல் தன் கொழுப்புச் சேமிப்பை எடுத்துச் செலவிடத் தொடங்குகிறது.

கொழுப்பு போகும். அதைச் சுற்றி வளர்ந்த தோல் எங்கே போகும்? தோலுக்கு உறுதி தருவது கொல்லாஜன் இழை. இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பச் செய்வது எலாஸ்டின் இழை. பல ஆண்டுகள் விரிந்தே இருந்த தோலில் இந்த இழைகள் சிதைந்துபோகின்றன. கொழுப்பு ஓராண்டில் வடிந்துவிட, தோல் பின்தங்கி நிற்கிறது. அடிவயிற்றில் முன்றானைபோல் ஒரு மடிப்பு. மேற்கையில், தொடையில், மார்பில் தொங்கல். வயது ஏற ஏற, குறைந்த எடை கூடக் கூட, இது மிகும். மடிப்புக்குள் வியர்வை தங்கி, சித்திரை வெயிலில் புண்ணும் படையும் வருவதுண்டு. குழித்தறியில் உட்கார்ந்து மிதிப்பவருக்குத் தொடை மடிப்பு உரசுவது சிறிய தொல்லையன்று. உடற்பயிற்சி தசையை வளர்க்கும், தோலைச் சுருக்காது. களிம்புகளும் அப்படியே. மிகுந்த தோலை நீக்க வேறோர் அறுவைதான் வழி. எடை நிலைத்த பிறகு, பெரும்பாலும் ஒன்று ஒன்றரை ஆண்டு கழித்து, அதைச் செய்கிறார்கள். நீண்ட தழும்பு எஞ்சும். அழகுக்கான சிகிச்சை என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக அதற்குப் பணம் தருவதில்லை. சிகிச்சை பெற்றோரில் பெரும்பான்மையோர் தோல் மிகுதியைக் குறையாகச் சொல்கிறார்கள் என்பது பல நாட்டு ஆய்வுகளிலும் காணும் செய்தி. பலகையில் அதற்கு ஓர் அங்குலம்கூட இடமில்லை.

தலையில் வைத்த பூவும் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறது. அறுவைக்குப் பின் மூன்று நான்கு மாதத்தில் பலருக்கு முடி கொத்துக் கொத்தாக உதிரும். திடீர் எடைக் குறைவும் புரதக் குறைவும் மயிர்க்கால்களை ஓய்வு நிலைக்குத் தள்ளுவதே காரணம். உணவும் இரும்புச் சத்தும் சரியாக இருந்தால் சில மாதங்களில் மீண்டும் முளைத்துவிடும். இதை முன்கூட்டியே அறிந்தவர் பொறுத்துக்கொள்வார். அறியாதவர் நடுங்கிப் போவார்.

இனிக் காலத்துக்கு வருவோம். பதினாறு மாதம் என்ற எண்ணைக் கவனியுங்கள். சுவீடனில் 1987-ல் தொடங்கிய பெரிய ஆய்வொன்று அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும், செய்துகொள்ளாத பருமனான 2,037 பேரையும் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தது. எடை மிகவும் குறைந்திருந்தது முதல் ஒன்று இரண்டு ஆண்டுகளில்தான். இரைப்பையைச் சிறுகுடலோடு இணைக்கும் அறுவை செய்தவர்கள் அப்போது சராசரியாக 32 விழுக்காடு எடை இழந்திருந்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25 விழுக்காடு. அதாவது, ஒரு பங்கு எடை திரும்பி வருவது இயல்பு. விளம்பரப் படம் எடுக்கப்பட்டதோ வளைகோட்டின் அடிமட்டத்தில். பாலாற்றில் வெள்ளம் வந்த நாளில் ஒரு படம் எடுத்து, பாலாறு என்றால் இதுதான் என்று அடியில் எழுதுவதைப் போன்றது இது.

இங்கே ஒன்றை ஐயமறச் சொல்லிவிட வேண்டும். நான் அறுவையைக் குறை கூற வரவில்லை. அதே சுவீடன் ஆய்வு 2007-ல் வெளியிட்ட கணக்கின்படி, சராசரியாக ஏறத்தாழ பதினோர் ஆண்டுகளில் அறுவை செய்யாதவரில் 129 பேரும், செய்தவரில் 101 பேரும் இறந்திருந்தனர். நீரிழிவு தணிந்தவர்களும் பலர். நம் நாட்டின் பொது வாழ்வில் நிதின் கட்கரி 2011-லும், அருண் ஜேட்லி 2014-லும் இவ்வகை அறுவை செய்துகொண்டதைச் செய்தித்தாள்களில் படித்திருப்போம். ஜேட்லிக்கு நீரிழிவு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. தேவையானவர்க்கு இது நல்ல மருத்துவம். அந்த நன்மையில் ஒன்றையும் புகைப்படம் காட்டவில்லை என்பதே என் வழக்கு. இரத்தச் சர்க்கரைக்கு முகம் இல்லை. அதனால் பலகையில் இடமும் இல்லை.

படத்தால் யாருக்கு என்ன கெட்டுவிட்டது? பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த நெசவாளர் குடும்பத்து அம்மாள் ஒருவர், நீரிழிவும் முழங்கால் வலியும் தாங்காமல் இந்த அறுவையைச் செய்துகொண்டார். இன்சுலின் ஊசி நின்றது. மாடிப்படி ஏறுகிறார். ஆனால் என்னிடம் சொன்னது வேறு. "ஆபரேஷன் எனக்குச் சரியா அமையல சார். அந்தப் போட்டோவுல இருக்கிற மாதிரி நான் ஆகலையே." கை தொங்குகிறது, முடி கொட்டிவிட்டது, முகம் வாடிவிட்டது. தெருவிலும் விடவில்லை. "என்னம்மா இப்படி இளைச்சுட்டே, சுகரா?" என்று கேட்பவர்களே மிகுதி. நம் ஊர்களில் 'பூசினாற்போல் உடம்பு' என்பது பாராட்டு. கைவளை கழன்று விழும்படி மெலிந்த பெண்ணைச் சங்கப் புலவர்கள் எத்தனையோ இடங்களில் பாடினார்கள். ஒன்றிலாவது அது மகிழ்ச்சியின் அடையாளமா? மெலிவைத் துயரமாகவே படித்துவந்த சமூகத்தில், மெலிந்தவர் மகிழ்ந்து நிற்கும் படத்தைப் பலகையில் ஏற்றிவிட்டோம். இரண்டுக்கும் நடுவில் அந்த அம்மாள் நிற்கிறார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். தையற்காரரிடம் இன்றும் பழைய அளவு ஜாக்கெட்டைத்தான் கொடுத்து அனுப்புகிறாராம். தைத்து வந்த பிறகு பிடித்துப் பிடித்துத் தைக்க வேண்டியிருக்கிறது. கைலாசநாதர் கோயிலில் கருவறையைச் சுற்றி வரும் குறுகிய உள்வழியை வாசகர் பலர் அறிவர். தவழ்ந்து நுழைந்து, தவழ்ந்தே வெளிவர வேண்டும். வலம் வந்தவர்க்கு மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. பருமனாக இருந்த காலத்தில் அம்மாள் வெளியே நின்று மற்றவர்களின் பையைக் காத்துக்கொண்டிருப்பார். சென்ற முறை போனபோதும் பையை வாங்கிக்கொண்டு வெளியிலேயே நின்றுவிட்டார். "மாட்டிக்குவேன் சார்" என்றார். மாட்டிக்கொள்ளும் உடல் போய் ஓராண்டுக்கு மேல் ஆகிறது.

இது அவருடைய பேதைமை அன்று. நம் ஒவ்வொருவர் மூளையிலும் நம் உடலைப் பற்றிய ஒரு படம் இருக்கிறது. பால் ஷில்டர் என்னும் உளமருத்துவர் 1935-ல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். அந்தப் படம் தராசைப் பார்த்து மாறுவதில்லை. பழக்கத்தால், மெல்ல மெல்லத்தான் மாறுகிறது. 1969-ல் அமெரிக்காவில் கிளக்ஸ்மன், ஹிர்ஷ் ஆகிய இருவரும் பருமனான ஆறு பேரிடம் செய்த சோதனை சுவையானது. அவரவர் உருவப்படத்தை அகலமாகவும் ஒடுக்கமாகவும் காட்டவல்ல வில்லை ஒன்றைக் கொடுத்து, உங்கள் உடலின் சரியான அளவுக்குக் கொண்டுவாருங்கள் என்றார்கள். எடை குறையக் குறைய அவர்கள் தம்மை உள்ளதைவிட மேலும் பருமனாகவே மதிப்பிட்டார்கள். கால் போனவருக்கு இல்லாத காலில் வலி தோன்றுவதுபோல, போன பருமனும் மனத்தில் தங்கியிருக்கிறது. ஆறு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் அளவு ஜாக்கெட் கதையைக் கேட்டவர்களுக்கு அது வியப்பாக இராது.

உடல் மாறியும் உள்ளம் மாறாத இந்த இடைக்காலம் சிலருக்கு ஆபத்தானது. கனடாவின் ஒன்றாரியோ மாகாணத்தில் அறுவை செய்துகொண்ட 8,815 பேரைப் பற்றிய ஆய்வு 2016-ல் வந்தது. தம்மைத் தாமே வருத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வந்தோர், அறுவைக்கு முன் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 2.3 என்ற அளவில் இருந்தனர், பின்னர் 3.6. தோற்றம் மட்டுமே காரணம் என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. ஆனால் எடை குறைந்தால் மனமும் தானே சரியாகிவிடும் என்று சொல்லும் அந்தப் புன்னகைக்கு இந்த எண்கள் இடந்தரவில்லை.

பிள்ளையார்பாளையத்து அம்மாள் மருத்துவரிடம் திரும்பப் போகவில்லை. 'பின்' படத்தைப்போல் ஆகாதது தன் குற்றம் என்று எண்ணிக்கொண்டார். கேட்டால் திட்டுவார்கள் என்ற வெட்கம் வேறு. போகாததால் மாத்திரைகளும் நின்றன. இந்த அறுவைக்குப் பின் பி-12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் கவனித்து வர வேண்டும். பி-12 குறைந்தால் நரம்பு கெடும், கால் மரத்துப்போகும், முற்றவிட்டால் முழுதும் திரும்பாது. ஒரு புகைப்படம் ஒருவரை மாத்திரையிலிருந்து விலக்கிவிட முடியும் என்பதை நான் கண்ணால் கண்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது? ஆட்சேபத்துக்குரிய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் உடற்பருமனும் உண்டு. ஆனால் அது முக்கியமாக மருந்தையும் மாய மருத்துவத்தையும் குறித்தது. மருத்துவர்களோ நிறுவனங்களோ நோயாளிகளை நேராகவோ மறைமுகமாகவோ அழைப்பது முறையன்று என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் சொல்கின்றன. பலகை இருக்கும் இடத்திலேயே இருக்கிறது.

படமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பருமன் சோம்பேறித்தனத்தால் வருவது என்று ஏசக் கேட்டே பழகியவருக்கு, இதற்கு மருத்துவம் உண்டு என்று ஒரு படம் சொல்வது ஆறுதல். ஆனால் இரண்டு படம் போதாது. ஒரே சுவர், ஒரே விளக்கு, கையில்லாத ஒரே உடை. அறுவைக்கு முன், பிறகு மூன்றாம் மாதம் முடி மெலிந்த தலையோடு, ஓராண்டில் கையை உயர்த்திப் பிடித்தபடி, இரண்டாம் ஆண்டில், ஐந்தாம் ஆண்டில் சற்றே எடை கூடிய நிலையில். ஒவ்வொன்றின் கீழும் எடையோடு சர்க்கரை அளவையும், அவர் அன்று விழுங்கும் மாத்திரைகளின் பெயரையும் போடட்டும். பட்டுச் சேலை கட்டிய படத்தையும் கடைசியில் ஒன்று வைக்கலாம். நம் ஊர்ச் சேலைக்கு நான் எதிரியல்லன்.

கைலாசநாதர் கோயிலின் அடித்தளத்தில் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் பல்லவச் சிற்பிகள் செதுக்கிய பூதகணங்கள் பானை வயிற்றோடு சிரித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின் கீழே 'முன்' என்று யாரும் எழுதிவைக்கவில்லை. போன வாரம் அந்த அம்மாளின் மகளிடம் மாத்திரைச் சீட்டைக் கொடுத்தனுப்பினேன். புதிய அளவு ஜாக்கெட் ஒன்று தைக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள்.